பதிவு பெற்ற தேனீக்கள்

ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்ல யாராலும் முடியும். அது இல்லை என்று சொல்ல அரசாங்கத்தால்தான் முடியும். இந்த உயரிய நோக்கத்தை முன்னிட்டுக் கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஓர் அலுவலகம் சீரும் சிறப்புமாக இயங்கிவருகிறது. மரபணு மாற்றமின்மை உறுதிப்பாட்டு வாரியம், கிழக்கு மண்டலம் என்பது அதன் திருநாமம். பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளம். அதனால் 'மண்டலம்' மட்டும் பக்கத்து மிட்டாய்க் கடையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வாடிக்கையாளர்கள் மழைக்கு ஒதுங்க வசதியாக இருக்கிறதாம்.

என் பெயர் பட்டாபிராமன். பெஹாலாவில் ஜாகை. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வாழ்நாள் பூராவும் கோப்பில் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவன். அலுவலகங்களைக் கிண்டல் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெயிலில் வந்தவனுக்கு மின்விசிறிக் காற்று, உட்கார பெஞ்சு, "நாளைக்கு வாருங்கள்" என்று ஓர் அன்பான அழைப்பு, இத்தனையும் இலவசமாக வேறு எங்கே கிடைக்கிறது? ஆகவே நான் சொல்லப்போவதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் தமயந்தி என்று ஒரு பெண். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் கொண்டுபோய் விடுவாள். கை நிறையச் சம்பளம் வந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் காய்கறி ஏற்றுமதியில் இறங்கினாள். அவள் அனுப்ப நினைத்த காய் படோல். தெரியாதவர்கள் கோவைக்காயைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளவும். வங்காளிகளுக்கு அது உயிர். வெளிநாட்டில் குடியேறிய வங்காளி பனி, வரி, தனிமை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வான். படோல் இல்லாத ஜமாய் ஷஷ்டியை மட்டும் அவனால் தாங்க முடியாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் எழுந்திருக்க முடியாதபடி சாப்பாடு போடும் பண்டிகை அது.

கடல் தாண்டிய ஒரு நாட்டில் பெரிய மளிகைக்காரர் ஒருவர் தமயந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் சரக்கு ஜமாய் ஷஷ்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தால், இனி சீசன் முழுவதும் அவளிடமே வாங்குவார். வராவிட்டால் வேறு நாட்டுக்காரனைப் பார்த்துக்கொள்வார். அந்த வாக்கை நம்பித் தமயந்தி நதியா மாவட்டத்தில் ஒரு பெண்கள் சுயஉதவிக் குழுவுக்கு வாக்குக் கொடுத்தாள். அதை நம்பி அவர்கள் இருந்த நிலம் பூராவும் படோல் கொடியைப் போட்டுவிட்டார்கள். குழுத் தலைவி ஷெஃபாலி மண்டல் நெல்லுக்கு வைத்திருந்த துண்டு நிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

காய் பறித்து ஹவுராவில் குளிர்சாதன அறைக்கு வந்தாகிவிட்டது. அப்போதுதான் அந்த நாடு ஒரு புது விதி போட்டது. உள்ளே வரும் காய்கறி எதுவும் மரபணு மாற்றம் செய்யப்பட்டதல்ல என்று ஏற்றுமதி செய்யும் நாட்டு அரசாங்கம் எழுதித் தர வேண்டும்.

"ஒரே ஒரு காகிதம்தானே மாமா," என்றாள் தமயந்தி. "படோல்ல யாரு போயி ஜீனை மாத்தப்போறா? ஏக்தொம் சிம்பிள். நீங்க கூட வந்தா இன்னும் சீக்கிரம் முடியும்."

சிம்பிள் என்ற சொல்லை அலுவலக வாசலில் உச்சரிக்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் ஒரு பெண் நம்பிக் கூப்பிட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாரியத்தின் கட்டடம் முன்பு ஒரு சினிமாக் கம்பெனியின் சாமான் கிடங்காக இருந்ததாம். காலி செய்தவர்கள், ராஜா வேஷக்காரர் உட்காரும் சிம்மாசனம் ஒன்றைத் தூக்க முடியாமல் விட்டுப் போயிருந்தார்கள். அரசாங்க நாற்காலி வரும்வரை தற்காலிக ஏற்பாடாக மண்டல இயக்குநர் டாக்டர் நிர்மால்ய தலாபாத்ரா அதில் அமர்ந்து பணியாற்றினார். இரண்டு கைப்பிடியிலும் வாயைப் பிளந்த சிங்கம். ஒரு சிங்கத்தின் வாயில் பேனா வைத்திருந்தார், மற்றதில் மூக்குக் கண்ணாடி. மிகவும் நல்ல மனிதர். வங்காளமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். இங்கே தமிழில் தருகிறேன்.

"போஷுன், போஷுன், உட்காருங்கள். படோலில் இல்லை என்கிறீர்கள். எது இல்லை?"

"மரபணு மாற்றம், சார்," என்றாள் தமயந்தி.

"எந்த மாற்றம்?"

"எந்த மாற்றமுமே இல்லை."

"எது என்று தெரியாமல் அது இல்லை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? என் வீட்டில் திருடன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் திருடன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

நான் தலையை ஆட்டினேன். நியாயமாகத்தான் பட்டது.

அவர் மணியடித்தார். ஆய்வுக்கூட விஞ்ஞானி தினேஷ்குமார் வந்தான். பொள்ளாச்சிப் பையன், புதிதாக மாற்றலாகி வந்தவன். தமிழ் காதில் விழுந்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மெஷின் எல்லாம் நல்ல மெஷின்தானுங்க மாமா," என்றான் என்னிடம். "ஆனா மாத்தின படோல் ஒண்ணு வேணுமுங்க. அதை வெச்சு ஓட்டி, இது மாத்தினதுன்னு மெஷின் சொல்லோணும். அப்புறம் உங்க காயை வெச்சு, இது அந்த மாதிரி இல்லைன்னு சொல்லோணும். அப்பத்தான் ரிசல்ட் செல்லுமுங்க."

"மாத்தின படோலே உலகத்துல கிடையாதுப்பா."

"அதுதானுங்க சிக்கல். இருந்திருந்தா இல்லைன்னு இன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

மெஷின் ஒரு கண்ணாடி அறைக்குள் துணி போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தது. வாங்கியதிலிருந்து அது ஒரு மாற்றத்தையும் கண்டுபிடித்ததில்லை என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு சலிப்பு. சரி, ஆய்வை அப்புறம் பார்க்கலாம், முதலில் விண்ணப்பத்தை முடிப்போம் என்றார் தலாபாத்ரா. தாவரத்தின் பெயர் என்ன, எங்கே விளைகிறது என்று கேள்விகள் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு கேள்வி வந்தது.

"இந்தத் தாவரத்தின் இனப்பெருக்கத்தில் மனிதத் தலையீடு உண்டா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தமயந்திக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"உண்டு சார். படோல்ல ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. தேனீ அவ்வளவா வராது. அதனால விடியக்காலைல பெண்கள் ஆண் பூவைப் பறிச்சு, ஒவ்வொரு பெண் பூவிலும் தொட்டுத் தொட்டு வைப்பாங்க. அப்பத்தான் காய் பிடிக்கும். எல்லாரும் பண்றதுதான்."

தலாபாத்ரா பேனாவைச் சிங்கத்தின் வாயில் செருகினார்.

"கையாலா?"

"கையாலதான்."

"மனிதக் கையால்?"

"வேற என்ன கை சார் இருக்கு?"

அவர் எழுந்து நின்றார். சிம்மாசனத்திலிருந்து ஒருவர் எழுந்தால் நாமும் எழுந்துவிடுகிறோம். எல்லோரும் நின்றோம்.

"மேடம், எங்கள் விதி தெளிவாக இருக்கிறது. மனிதத் தலையீட்டால் இனப்பெருக்கம் செய்யப்பட்ட தாவரம் எதுவும், மாற்றம் பெற்றதாகவே கருதப்படும். ஆகவே மாற்றம் பெற்ற படோல் நம் நாட்டிலேயே இருக்கிறது. வாழ்த்துகள். தினேஷ், நீ கேட்டது கிடைத்துவிட்டது."

"எங்கீங்க சார்?"

"மேடத்தின் பையில்."

மாதிரிக்காகத் தமயந்தி ஒரு பை நிறையக் காய் கொண்டுவந்திருந்தாள். தலாபாத்ரா அதிலிருந்து ஒன்றை எடுத்து 'மாற்றப்பட்டது' என்று சீட்டு ஒட்டினார். அதே பையிலிருந்து இன்னொன்றை எடுத்து 'ஆய்வுக்குரியது' என்று ஒட்டினார். இரண்டும் மெஷினுக்குள் போயின. எங்களுக்கு டீ வந்தது. டீ ஆறுவதற்குள் முடிவும் வந்தது. ஆய்வுக்குரிய படோல், மாற்றப்பட்ட படோலுடன் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது.

"ரெண்டும் ஒரே பையில இருந்த காய்தானுங்களே சார்," என்றான் தினேஷ்குமார் மெல்ல.

"அதைத்தானே மெஷினும் சொல்கிறது? எவ்வளவு துல்லியம் பார்!"

மெஷின் கண்டுபிடித்த முதல் மரபணு மாற்றம் அது. அலுவலகமே குதூகலித்தது. பக்கத்துக் கடையிலிருந்து ரசகுல்லா வந்தது. எல்லோருக்கும் முன்னால் தமயந்திக்குத்தான் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சாறு முழங்கை வரை ஒழுகுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் போன் அடித்தது. ஷெஃபாலிதான். ஸ்பீக்கரில் போட்டதால் ஆட்டோக்காரரும் கேட்டார்.

"தீதி, பிளேன் ஏறிடுச்சா?"

"இன்னும் இல்ல. பேப்பர் வரணும்."

"பேப்பரா? காய் மஞ்சளாப் போச்சுன்னா பேப்பரை வெச்சு தொர்மா பண்ணச் சொல்லு உன் ஆபீஸரை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். படோலுக்குள் மசாலா அடைத்துச் செய்யும் பதார்த்தம்தான் தொர்மா. ஆட்டோக்காரர் சிரித்தார். தமயந்திக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"அவங்க என்னை நம்பிக் கொடி போட்டாங்க மாமா. நான் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு…"

எனக்கு மனசு கேட்கவில்லை. மாற்றம் பெற்றது என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு விசாரணைக்கு வரும்போது, அந்தப் படோலின் பேரக் கொடிகள் காய்த்துக்கொண்டிருக்கும். எனவே வீட்டுக்கு வந்ததும், வாரியத்தில் கேட்டு வாங்கி வந்திருந்த விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விதியால் விழுந்த முடிச்சை விதியால்தான் அவிழ்க்க வேண்டும். அறிவால் அவிழ்க்க முயன்று நாசமாய்ப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மறுபடியும் சிங்கங்களுக்கு எதிரே நின்றோம்.

"டாக்டர் தலாபாத்ரா, பூச்சிகள் மகரந்தம் சேர்த்தால் அது மனிதத் தலையீடு ஆகுமா?"

"ஆகாது. அது இயற்கை."

"பூச்சி என்பதற்கு உங்கள் விதியில் விளக்கம் இருக்கிறது. படிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் படித்தேன். "மகரந்தம் சேர்க்கும் பூச்சி, தேனீ வகுப்பு என்பது, பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் எடுத்துச் செல்வதும், குழுவாக இயங்குவதும், அதிகாலையில் சுறுசுறுப்பாக உழைப்பதும், உழைக்கும் உறுப்பினர் அனைவரும் பெண்பாலாக இருப்பதும் ஆகிய இயல்புகளை உடைய உயிர்."

பக்கத்துக் கடையில் பால் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"நதியாவில் இருப்பவர்கள் பூவிலிருந்து பூவுக்கு எடுத்துச் செல்கிறார்கள். குழுவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். விடியற்காலையில் உழைக்கிறார்கள். அத்தனை பேரும் பெண்கள்," என்றேன்.

தலாபாத்ரா கண்ணாடியை மற்றொரு சிங்கத்தின் வாயிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு விதியைத் தானே படித்தார். மறுபடியும் படித்தார்.

"சிறகு?"

"சிறகு பற்றி விதியில் ஒன்றும் இல்லை."

"கொட்டுமே?"

"நீங்கள் ஷெஃபாலியிடம் போனில் பேசிப் பாருங்கள் சார்," என்றாள் தமயந்தி.

"தேன்?"

"தேன் தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை," என்றேன். "தாங்கள் அனுமதித்தால் குறிப்பு தயாராக இருக்கிறது."

நான் எழுதிய குறிப்பை அவர் படித்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். பாவம், அவருக்கும் அந்தப் பெண்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. விதி இடம் கொடுக்காமல்தான் தவித்திருக்கிறார். ஷெஃபாலியின் சம்மதம் கேட்க அங்கிருந்தே போன் போட்டோம்.

"பூச்சின்னு எழுதினா காய் போகுமா?" என்றாள் அவள்.

"போகும்," என்றாள் தமயந்தி.

"அப்போ எழுது. இதுக்குப் போயி போனா? பூ வாடுது."

குழுத் தலைவி என்பதால் அவளை ராணித் தேனீ என்று பதிவு செய்யலாம் என்றார் தலாபாத்ரா, ஒரு மரியாதைக்காக. இந்த இடத்தில் தினேஷ்குமார் விஞ்ஞானியாக நடந்துகொண்டான்.

"ராணித் தேனீ பூவுக்குப் போகாதுங்க சார். அந்தம்மா தொட்ட காயெல்லாம் கணக்குல வராம போயிருமுங்க."

ஆகவே ஷெஃபாலி வேலைக்காரத் தேனீயாகப் பதிவு செய்யப்பட்டாள். ராணி பதவி காலியிடமாக வைக்கப்பட்டது. உரிய நேரத்தில் நிரப்பப்படும் என்று அதிலேயே எழுதினோம்.

அன்று மாலையே சான்றிதழ் வந்தது. 'இந்தப் படோல் மனிதக் கை படாமல், பதிவு பெற்ற பூச்சிகளால் மட்டுமே மகரந்தம் சேர்க்கப்பட்டது. எவ்வித மாற்றமும் இல்லை.' கீழே தலாபாத்ராவின் கையெழுத்து, வாரியத்தின் முத்திரை. ஹவுராவிலிருந்து சரக்கு டம்டம் விமான நிலையத்துக்கு ஓடியது. காய் பச்சையாகவே போய்ச் சேர்ந்தது. ஜமாய் ஷஷ்டியன்று அந்த ஊர் மாப்பிள்ளைகள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று மளிகைக்காரர் போட்டோ அனுப்பினார். சீசன் முழுவதற்கும் ஆர்டர். தமயந்தி எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் சந்தேஷ் இனிப்புக் கொடுத்தாள். எனக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டி.

அந்தக் குறிப்பை எழுதியபோது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் யோசிக்கவில்லை. ஏற்றுமதியில் மிஞ்சிய காய் கொஞ்சம் தெற்குக் கொல்கத்தாவின் குளுகுளு கடைகளுக்குப் போயிற்று. தமயந்தி சான்றிதழில் இருந்த வாசகத்தை அப்படியே சீட்டில் போட்டுவிட்டாள். மனிதக் கை படாத படோல். சும்மாவே ஆர்கானிக் என்று எழுதியிருந்தால் வாழைப்பழத் தோலைக்கூட வாங்குகிற ஜனங்கள். பைத்தியமாகிவிட்டார்கள். யோகா வகுப்பிலிருந்து நேராகக் காரில் வந்து வாங்கினார்கள். பெஹாலா மார்க்கெட்டில் அதே நதியாவிலிருந்து, அதே கொடியிலிருந்து வந்த காய் மூட்டையில் கிடந்தது. சீண்ட ஆள் இல்லை.

ஒருநாள் என் மனைவி ஜெயலக்ஷ்மி சீட்டு ஒட்டிய படோலைக் கூடை நிறைய வாங்கி வந்தாள். விலையைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடியே, இதுக்குச் சான்றிதழ் எழுதினதே நான்தான். ரெண்டும் ஒரே காய்!"

"உங்களுக்கு எல்லாத்துலயும் நீங்கதான். மார்க்கெட் காயை எத்தனை பேர் தொட்டிருப்பான்னு தெரியுமோ? இது பூச்சி மட்டும் தொட்டதாக்கும். பேசாம சாப்பிடுங்கோ."

வதக்கிப் போட்டாள். சாப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ருசி வேறுதான்.

அடுத்த சீசனுக்கு முன்னால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஷெஃபாலி முதல் முறையாக டாலிகஞ்சுக்கு நேரில் வந்தாள். வெற்றிலையால் சிவந்த வாய், கையில் பெரிய போன், ஊரையே எழுப்பும் குரல். சிம்மாசனத்தைப் பார்த்ததும், "நாடகம் எப்போ?" என்று கேட்டாள். தலாபாத்ரா பெருந்தன்மையாகச் சிரித்தார். இந்த ஓராண்டில் குழுவுக்கு நேர்ந்த சங்கடங்களெல்லாம் அவர் காதுக்கும் வந்திருந்தன. பயிர்க் காப்பீடு கேட்டபோது, பூச்சியால் வரும் சேதத்துக்குத்தான் காப்பீடு, பூச்சிக்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மானிய உரமும் இல்லை. அதற்குப் பதில் தேனீ வளர்ப்புத் திட்டத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டி வந்தது. ஷெஃபாலி அதில் கோழி அடைத்திருந்தாள்.

"மேடம், எனக்கே மனது சங்கடமாக இருந்தது," என்றார் தலாபாத்ரா. "அதனால் மேலிடத்துக்கு எழுதி விதியைத் திருத்திவிட்டோம். கையால் மகரந்தம் சேர்ப்பது இனிமேல் மாற்றம் அல்ல. சான்றிதழுக்கு எந்தத் தடையும் இல்லை. இனி நீங்கள் மனிதராகவே பதிவு செய்துகொள்ளலாம். இங்கே 'பூச்சி' என்பதன் மேல் ஒரு கோடு போட்டால் போதும்."

தமயந்தி கைதட்டினாள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஓர் அலுவலகம் தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்வது தினமும் நடக்கிற காரியமா?

ஷெஃபாலி பேனாவைத் தொடவில்லை.

"வேண்டாம் பாபு. பூச்சின்னே இருக்கட்டும்."

"ஏன்?"

"பக்கத்து வயல்காரன் விடியக்காலைல மருந்து அடிப்பான். நாங்க பூ தொட்டுக்கிட்டு இருக்கிற நேரம். எங்க தலைமேலயே வந்து விழும். எத்தனை வருஷமா பஞ்சாயத்துல சொன்னோம், விவசாய ஆபீஸ்ல சொன்னோம். கண்ணு எரியுது, இருமல் நிக்கலைன்னு அழுதோம். ஒருத்தன் வரலை. போன வருஷம் இங்க பூச்சின்னு எழுதினீங்க. அடுத்த மாசமே ஜீப்புல வந்து வயல்ல போர்டு வெச்சுட்டாங்க. பதிவு பெற்ற தேனீக்கள் வேலை செய்யும் நேரத்தில் மருந்து அடித்தால் அபராதம்னு. அன்னையிலேர்ந்து ஒரு சொட்டு விழலை. எனக்கு இருமலே போயிடுச்சு."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். குற்றம் சொல்கிற தொனியே இல்லை.

தினேஷ்குமார் ஜன்னலைப் பார்த்தான். தமயந்தி தட்டிய கைகளைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். தலாபாத்ரா எனக்கு என்னமோ தெரியும் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த அறையில் ஷெஃபாலியைத் தவிர மற்ற எல்லோரும் மனிதர்கள்.

"வீட்டில் வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமா?" என்று கடைசியில் தலாபாத்ரா கேட்டார். "உங்கள் கணவர்?"

"அவரா?" ஷெஃபாலி கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம் பாபு. அவர் மனுஷனாவே கிடந்து கஷ்டப்படட்டும்."

தலாபாத்ரா முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.